கொல்லிக் காவலர்: உயர்குடி எதில் நிற்கிறது?

கடையெழு வள்ளல்கள் என்று தமிழ் மரபு எண்ணும் எழுவரில் ஒருவனை இன்னொருவன் கொன்றான். கொல்லப்பட்டவன் கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி. கொன்றவன் முள்ளூர் மன்னன் மலையமான் திருமுடிக் காரி. வென்ற மலையைக் காரி தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் சேரனுக்குக் கொடுத்துவிட்டான் என்று அகநானூற்றின் 209ஆம் பாட்டில் கல்லாடனார் சொல்கிறார். ஓரி விழுந்தபின் அவனுடைய ஊரின் பெருந்தெருவில் காரி நுழைந்தபோது எழுந்த ஆரவாரத்தைக் கபிலர் நற்றிணையில் உவமையாகவே ஆக்கியிருக்கிறார். அதாவது, நடந்தது எல்லார்க்கும் தெரியும். தெரிந்தும் வள்ளல்களை வரிசைப்படுத்திய புலவர்கள் இருவரையும் ஒரே வரிசையில் வைத்தார்கள். சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் ஓரியை அறிமுகப்படுத்துவதே காரியோடு பொருதவன் என்றுதான்.

ஒருவன் உயர்ந்தோன் என்பதை எது முடிவு செய்கிறது? பிறந்த குடியா, வேந்தன் தந்த பட்டமா, கொடையா, தெய்வத்தின் அருளா? உலகில் பிரபுக்குலங்கள் இருந்த இடமெல்லாம் இந்தக் கேள்வியும் இருந்திருக்கிறது. தமிழகத்தில் அதைக் கேட்டுப் பார்க்கக் கொல்லிமலையைவிடப் பொருத்தமான இடம் அரிது. இன்றைய நாமக்கல் மாவட்டத்தில், கடல்மட்டத்துக்கு மேல் 1000 முதல் 1300 மீட்டர் வரை எழும் இந்த மலையின் பெயரை ஒரு குறுநிலத் தலைவனும், அவன் மலையைப் பெற்ற பேரரசுக் குடியும், ஓர் ஆழ்வாரும், மலைக்குடி மக்களின் நாட்டுத் தலைவர்களும் வெவ்வேறு காலங்களில் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சங்க காலத் தமிழகத்தில் சேர, சோழ, பாண்டியர் மூவர் மட்டுமே முடியுடை வேந்தர். அவர்களுக்கு இடையே மலைகளையும் காட்டு நாடுகளையும் ஆண்டவர்கள் வேளிர் எனவும் குறுநில மன்னர் எனவும் வழங்கப்பட்டனர். பறம்பில் பாரி, பொதியிலில் ஆய், தகடூரில் அதியமான், கோவலூரிலும் முள்ளூரிலும் மலையமான், கொல்லியில் ஓரி. இவர்களில் சிலருக்கு நீண்ட வம்சாவளி உண்டு. பாரி இறந்தபின் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு போன கபிலர், இருங்கோவேளிடம் அவர்களை ஏற்றுக்கொள்ளச் சொல்லும் பாட்டில் (புறம் 201) அந்த வம்சாவளியை முழுதாக விரிக்கிறார்: வடநாட்டு முனிவன் ஒருவனின் வேள்விக் குண்டத்தில் தோன்றி, செம்பாலான மதில் சூழ்ந்த துவரையை ஆண்டு, 49 தலைமுறையாக வந்த குடி அது. குடிப்பெருமை என்று ஒருவன் கேட்க விரும்பக்கூடியது எல்லாம் இதில் இருக்கிறது: தெய்வத் தோற்றம், தொலைவான பழைய நகரம், எண்ணிச் சொல்லக்கூடிய தலைமுறைகள்.

இருங்கோவேள் மறுத்துவிட்டான். அடுத்த பாட்டில் கபிலர் அதே வம்சாவளியைத் திருப்பி அவன்மேலேயே வீசுகிறார். உன் முன்னோரில் உன்னைப் போலவே அறிவு படைத்த ஒருவன் கழாத்தலையார் என்ற புலவரை இகழ்ந்தான். கோடி கோடியாகப் பொருள் குவிந்து கிடந்த உங்கள் அரையம் என்னும் மூதூர் அதனால்தான் அழிந்தது என்று நினைவூட்டுகிறார். தலைமுறைக் கணக்கு வைத்திருப்பவன் நல்லதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ள முடியாது என்பது இதன் பொருள். 49 தலைமுறையின் புகழ் உனக்கு வருமானால் அவற்றில் ஒன்று செய்த பிழையும் உனக்கு வரும். பரம்பரைப் பெருமையைப் பற்றிப் பின்னால் எழுந்த வாதங்கள் பலவும் இந்தக் கூர்மையை எட்டவில்லை.

ஓரிக்கு இப்படி ஒரு வம்சாவளி பாடப்படவில்லை. ஆதன் ஓரி என்று ஒரு பாட்டு அழைப்பதோடு சரி. அவனைப் பற்றிய மிகச் சிறந்த சித்திரம் வன்பரணரின் புறநானூற்றுப் பாட்டு (152). பாணர் கூட்டம் ஒன்று காட்டு வழியில் போகிறது. எதிரே ஒரு வேட்டுவன். அவன் விட்ட அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றில் இருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. ஒரே அம்பு. விற்பதற்காகக் கொல்பவன்போல் அவன் தோன்றவில்லை. மார்பில் முத்தாரம், சந்தனப் பூச்சு. இவன் ஓரிதானோ, வேறு யாரோ என்று பாணர்க்கு ஐயம். முழவு, யாழ் எல்லாவற்றையும் எடுத்து 21 துறைகளையும் முறையாகப் பாடிக் கடைசியில் ‘கோ’ என்று விளிக்கிறார்கள். அது தன் பெயர் ஆகையால் அவன் நாணுகிறான். ஊர் ஊராகச் சுற்றுகிறோம், உன்னைப்போல் ஒரு வேட்டுவனைப் பார்த்ததில்லை என்று அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் மான் இறைச்சியைச் சமைத்துக் கொடுக்கிறான். உருக்கிய நெய் போன்ற கள்ளைக் கொடுக்கிறான். தன் மலையில் பிறந்த பொன்னையும் மணியையும் கலந்து அள்ளி, காட்டு நடுவிலேயே, கொள்ளுங்கள் என்கிறான்.

பட்டம் சொல்லி அழைக்கப்பட்ட இடத்தில் வெட்கப்பட்ட தலைவன் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. அரசன் என்பதற்கான அடையாளம் ஒன்றையும் அவன் காட்டவில்லை. கொடுத்தான், அதனால் ஓரி என்று அறியப்பட்டான். அடுத்த பாட்டில் வன்பரணர் ஒரு படி மேலே போகிறார். நீரில் பூக்காத, மணியால் செய்த குவளை மலர்களை வெள்ளி நாரில் தொடுத்த கண்ணியையும் யானைகளையும் பெற்ற கூத்தர்கள் பசி தீர்ந்ததில் ஆடவும் பாடவும் மறந்துபோனார்களாம். புகழ்வதற்காகக் கொடுக்கப்பட்டது என்றால், இங்கே கொடை தன் நோக்கத்தையே கெடுத்துக்கொண்டது. புலவர் அதைப் பாராட்டாகவே சொல்கிறார்.

ஓரியைக் கொன்ற காரியும் இந்த அளவுகோலில் குறைந்தவனல்லன். கபிலர் அவனைப் பாடிய மூன்று பாட்டுகள் (புறம் 121, 122, 123) கொடையைப் பற்றிய ஒரு சிறு தத்துவ நூல் போலவே அமைந்துள்ளன. கள்ளுண்டு மகிழ்ந்திருக்கும் நேரத்தில் தேரைத் தூக்கிக் கொடுப்பது யார்க்கும் எளிது. காரி தெளிந்த நிலையில் கொடுக்கிறான் என்பது ஒன்று. அவன் நாடு அந்தணர்க்கு உரியது, மூவேந்தரில் எவர் துணை வேண்டி அனுப்பும் பொருளும் பரிசிலர்க்கு உரியது, அவனுக்கென்று எஞ்சியது மனைவியின் தோள் மட்டுமே என்பது இன்னொன்று. கொடுத்தல் எளிது, வருபவரின் தரம் அறிதல்தான் அரிது, எல்லாரையும் ஒன்றாகப் பார்ப்பதை விட்டுவிடு என்பது மற்றொன்று. கடைசியாகச் சொன்ன பாட்டு சற்றே சங்கடமானது. பிறப்பால் வரும் வேற்றுமையைக் கொடை அழித்துவிடும் என்று நினைத்தால், புலவர் தமக்கென ஒரு புதிய மேல்வரிசையைக் கேட்டு நிற்கிறார்.

அப்படியானால் கொலை? ஓரியின் இறப்பைச் சொல்லும் புலவர்கள் காரியை இகழவில்லை. போரில் கொல்வது அக்கால அறத்தில் குற்றமாகவில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் காரி கொன்றது தன் மண்ணைக் காக்க அன்று. மலை கடைசியில் சேரன் கைக்குத்தான் போனது. புலவர்களின் அளவுகோலில் இதற்கு இடமே இல்லை. அவர்கள் எடுத்துக்கொண்ட தராசு ஈகை ஒன்றுதான். அந்தத் தராசில் இருவரும் சமமாக நின்றார்கள். கொடுத்த பொருள் எங்கிருந்து வந்தது என்பதையும் அந்தத் தராசு நிறுக்கவில்லை. காரி குதிரையேறிப் போய் இரவில் கவர்ந்து வந்த ஆநிரையைப் பற்றிக் கபிலரே நற்றிணையில் (291) பாடியிருக்கிறார். ஒருவன் முற்றத்துக்கு வந்த மாடு இன்னொருவன் தொழுவத்திலிருந்து போனதுதான். வள்ளலை மதிப்பிட்டவர்கள் வாங்கியவர்கள், இழந்தவர்கள் பாடவில்லை. சங்கப் பாடல்களை வரலாறாக வாசிப்பவர் இதை ஒருபோதும் மறக்கலாகாது.

ஆனாலும் வாங்கியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. தம்மைப் பார்க்காமலே அதியமான் அனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் மறுத்துவிட்டார். தாம் விலைக்குப் பாடும் வணிகர் அல்லர் என்பது அவர் சொன்ன காரணம். இதற்கு இணையாகக் கொடுப்பவர் பக்கமும் ஒரு பாட்டு உண்டு. ஆய் அண்டிரனைப் பாடிய முடமோசியார் (புறம் 134), இந்தப் பிறவியில் கொடுத்தது மறுபிறவியில் திரும்பும் என்று கணக்குப் பார்க்கும் அறவணிகன் அல்லன் ஆய் என்கிறார். சான்றோர் போன வழி இது என்பதற்காகவே கொடுத்தான். கர்மக் கொள்கை அப்போதே தெரிந்திருந்தது என்பதற்கும், அதைக் கொடையின் காரணமாக ஏற்க ஒரு புலவர் மறுத்தார் என்பதற்கும் இந்தப் பாட்டு சான்று. புண்ணியத்துக்காகக் கொடுப்பவன் வாங்குகிறான் என்பதே அவர் வாதம்.

குடிப்பிறப்பு பற்றிய கேள்வியை நேராக எடுத்துக்கொண்டவை அறநூல்கள். திருக்குறள் இதில் ஒரே குரலில் பேசவில்லை. 96ஆம் அதிகாரம் குடிமை: நடுவுநிலையும் நாணமும் நல்ல குடியில் பிறந்தார்க்கு இயல்பாக அமையும் என்று அது தொடங்குகிறது. இரண்டு அதிகாரம் தள்ளிப் பெருமை: எல்லா உயிர்க்கும் பிறப்பு ஒத்தது, செய்யும் தொழிலின் வேறுபாட்டால்தான் சிறப்பு வேறாகிறது என்கிறது. நாலடியார் குடிப்பிறப்புக்கென்றே ஓர் அதிகாரம் வைத்திருக்கிறது. வள்ளுவர் முரண்படுகிறார் என்று அவசரப்பட வேண்டியதில்லை. குடிமை அதிகாரத்தைத் தொடர்ந்து படித்தால் உயர்குடியார்க்கு அவர் தரும் சலுகை ஒன்றுமில்லை, கடமைதான் கூடுகிறது. வறுமை வந்தாலும் கொடுக்கும் பண்பு மாறக்கூடாது, குற்றம் செய்தால் நிலவின் களங்கம்போல் ஊருக்கெல்லாம் தெரியும், நடத்தையில் பரிவு இல்லாதவன் அந்தக் குடிதானா என்று ஐயப்படலாம். ஒருவனின் நடத்தை அவன் பிறப்பையே சந்தேகத்துக்கு உள்ளாக்கும் என்றால், முதன்மை நடத்தைக்குத்தான்.

இதைவிடச் சிக்கலானது பல்லக்கைப் பற்றிய குறள். பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் ஏறிப் போகிறவனையும் காட்டி அறத்தின் வழி இது என்று சொல்ல வேண்டாம் என்கிறது அது. பரிமேலழகர் கொண்ட உரை: அறத்தின் பயன் இது என்று நூல் கொண்டு விளக்கத் தேவையில்லை, இந்த இருவரைப் பார்த்தாலே விளங்கும். முற்பிறவி வினை ஒருவனை மேலே ஏற்றியது, மற்றவன் தோளில் தண்டை வைத்தது. பிற்காலத்தவர் சிலர் கொண்ட உரை நேர் எதிர்: இந்தக் காட்சியைக் காட்டி இதுதான் அறத்தின் விளைவு என்று சொல்லாதே. பட்டமும் பல்லக்கும் உடையவர் முன்வினையால் பெற்றார் என்ற வாதம் எல்லாக் காலத்துப் பிரபுக்களுக்கும் வசதியானது. வள்ளுவர் அதை ஏற்றாரா மறுத்தாரா என்பது உரைகளில் இன்னும் தீராமல் இருக்கிறது. பெருமை அதிகாரத்தோடு சேர்த்துப் பார்த்தால் இரண்டாம் உரைக்கு வலு அதிகம்.

கொல்லிமலை சேரர் கைக்குப் போனபின் அதன் பெயர் ஒரு விருதாக மாறியது. பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து, தகடூரை எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் வெற்றிகளில் கொல்லிக் கூற்றத்தையும் சேர்க்கிறது. இந்த இரும்பொறை மரபினர் தம் வம்சத்தைக் கல்லிலும் பொறித்தார்கள்: கரூர் அருகே புகலூர் ஆறுநாட்டான் மலையில் ஒரு சமணத் துறவிக்குப் படுக்கை வெட்டித் தந்த கல்வெட்டு, தந்தை, மகன், பெயரன் என மூன்று தலைமுறையைச் சொல்லி, பெயரன் இளங்கோ ஆனபோது வெட்டியது என்கிறது. பட்டம் சூடும் நாளை ஒரு துறவிக்குக் கொடுத்த கொடையால் குறித்தார்கள். அதியமானுக்கும் இப்படியே. திருக்கோவலூர் அருகே ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு அதியன் நெடுமான் அஞ்சியை ‘சதியபுதோ’ என்ற பட்டத்தோடு சொல்லி, அவன் கொடுத்த பள்ளி என்று முடிகிறது. அசோகரின் சாசனங்களில் வரும் சத்தியபுத்திரர் யார் என்ற பழைய புதிர் அதனால் தீர்ந்தது. ஒரு குடியின் பெயர் வரலாற்றில் நின்றது ஒரு கற்படுக்கையால்.

பல நூற்றாண்டுக்குப் பிறகு கொல்லி என்ற விருது வைணவத்தில் தலைகாட்டுகிறது. சேர நாட்டு அரசராக இருந்து ஆழ்வாரான குலசேகரர், பெருமாள் திருமொழியின் பதிக முடிவில் தம்மைக் கொல்லி காவலன், கூடல் நாயகன், கோழிக்கோன் என்கிறார். மூன்று நாடுகளையும் உரிமை கொண்டாடும் முழு அரச விருது அது. அதே நூலில் திருவேங்கடத்தைப் பாடும் பதிகத்தில், அரச வாழ்வும் வேண்டாம், விண்ணவர் தலைமையும் வேண்டாம், வேங்கடத்துச் சுனையில் குருகாகவோ மீனாகவோ பிறக்கட்டும் என்று தொடங்கி, கோயில் வாசலில் அடியார் மிதிக்கும் படியாகக் கிடக்கட்டும் என்பது வரை இறங்குகிறார். பெருமாள் கோயில்களில் கருவறைப் படியை இன்றும் குலசேகரன் படி என்கிறார்கள். விருதை அவர் கைவிட்டுவிடவும் இல்லை. பெயரைச் சொல்லும் இடத்தில் அரசர், வேண்டுதலில் படிக்கல். பக்தி, குலப் பெருமையை அழிக்காமல் அதன் இடத்தை மட்டும் மாற்றியது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

சைவத்தில் இந்த மாற்றம் இன்னும் கடுமையாக நடந்தது. காரியின் நாட்டுக்கே பின்னால் தலைவனான ஒருவரைச் சேக்கிழார் மலாடர் கோமான் என்று அறிமுகப்படுத்துகிறார்: மெய்ப்பொருள் நாயனார். போரில் வெல்ல முடியாத முத்தநாதன் திருநீறு பூசி, சடை முடித்து, ஆகம நூல் சொல்ல வந்தவன்போல் அந்தப்புரம் வரை நுழைந்து அவரைக் குத்துகிறான். மெய்க்காவலன் தத்தன் வாளை ஓங்க, சாய்ந்து விழும் அரசர் தடுக்கிறார். இவர் நம்மவர், ஊர் எல்லைவரை பத்திரமாகக் கொண்டுபோய் விட்டு வா என்கிறார். தத்தன் திரும்பி வந்து சொல்லும்வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஏனாதிநாதர் கதையும் இதே அச்சு. ஏனாதி என்பது படைத்தலைவர்க்கு வேந்தர் அளித்த பட்டம். அந்தப் பட்டத்தையே பெயராகக் கொண்ட வாளாசிரியர், எதிரியின் நெற்றியில் நீறு தெரிந்ததும் கையிலிருந்த வாளை வீசாமல் நிற்கிறார்.

இக்கதைகளில் எதிரியின் குலமும் குணமும் கணக்கில் வரவில்லை. நெற்றியில் இருக்கும் நீறு ஒன்றே உயர்வு. சமயம் தந்த இந்தப் பதில் பிறப்பைத் தோற்கடித்தது உண்மைதான். ஆனால் ஓர் அடையாளத்தை இன்னோர் அடையாளத்தால் தோற்கடித்தது. முத்தநாதனின் வேடம் பலித்ததே அதனால்தான். சேக்கிழார்க்கு இது தெரியாமலில்லை. அவர் முத்தநாதனைப் புனிதனாக்கவில்லை. உள்ளத்தில் கறுப்பு வைத்தவன் என்றே பாடுகிறார். உயர்வு வணங்கப்படுபவனிடம் இல்லை, வணங்குபவனிடம் இருக்கிறது என்பது அவர் கொண்ட தீர்வு. இதை எழுதியவரே, மரபு சொல்லும்படி, அநபாயச் சோழனிடம் அமைச்சராக இருந்து உத்தமசோழப் பல்லவராயன் என்ற பட்டம் பெற்றவர்.

சோழர் காலத்தில் பட்டம் ஆட்சிக் கருவியாகிவிட்டது. தஞ்சைப் பெரிய கோயிலின் நிர்வாகத்தைக் கவனித்த பொய்கை நாட்டுக் கிழவன் ஆதித்தன் சூரியன் தென்னவன் மூவேந்தவேளான் ஆனான். கோயிலின் திருச்சுற்று மாளிகையைக் கட்டிய கிருஷ்ணன் ராமன் மும்முடிச் சோழ பிரமராயன் ஆனான். நிலவுடைமையாளர்க்கு மூவேந்தவேளான், பிராமண அதிகாரிகளுக்குப் பிரமராயன், பிறர்க்கு அரையன், பல்லவரையன் என்று ஒரு வரிசை. முன்னொட்டில் பெரும்பாலும் ஆளும் மன்னனின் பெயர். மன்னன் மாறினால் பட்டத்தின் தலைப்பும் மாறும். நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் தோரு மட்சுயியும் சோழர் கல்வெட்டுப் பெயர்களைத் தொகுத்து 1978இல் வெளியிட்ட அடைவு இந்தப் பட்டங்களின் பரப்பைத் தெளிவாக்கியது. பழைய வேளிர் பெயரே இங்கே அதிகாரியின் பின்னொட்டாகிவிட்டது. கொல்லிச் சாரலிலும் பழைய குடிப்பெயர் திரும்பி வந்தது. நாமக்கல் குடைவரைக்கு அதியேந்திர விஷ்ணுகிருகம் என்று பெயர் வைத்த காலத்திலேயே அதியர் குடிப்பெயர் மீண்டும் கல்லில் ஏறியிருந்தது.

இத்தாலியில் இதே கேள்வி வேறு வழியில் போனது. வெனிஸ் நகரம் 1297இல் பெருமன்றத்தின் கதவைப் புதியவர்க்கு ஏறத்தாழ அடைத்தது. உரிமையுள்ள குடும்பங்களின் பிறப்பும் மணமும் பின்னாளில் ‘பொன்னேடு’ எனப் பெயர்பெற்ற பதிவில் ஏறின. அங்கே உயர்குடி என்பது ஏட்டில் இருப்பது. 17ஆம் நூற்றாண்டில் கிரீட் தீவுப் போருக்குப் பணம் தேவைப்பட்டபோது பெருந்தொகை கட்டிய குடும்பங்களும் அந்த ஏட்டில் நுழைந்தன. 1797இல் நெப்போலியனின் படை வந்தபின் ஏட்டைச் சதுக்கத்தில் எரித்தார்கள். ஃபிளாரன்ஸ் நகரத்துத் தாந்தே தம் ‘கொன்விவியோ’ நூலின் நான்காம் பகுதியில், பழைய செல்வமும் நல்ல பழக்கமும் சேர்ந்ததே குலப்பெருமை என்ற பேரரசர் பிரெடெரிக்கின் கருத்தை எடுத்து மறுக்கிறார். மேன்மை இரத்தத்தில் வருமானால் ஆதாமின் மக்கள் எல்லாரும் உயர்ந்தோராகவோ எல்லாரும் தாழ்ந்தோராகவோதான் இருக்க முடியும். ஆகவே மேன்மை இறைவன் தனி மனித உள்ளத்தில் இடும் வித்து. அதே தாந்தே சொர்க்கத்தில் தம் மூதாதை கச்சாகுவிதாவைச் சந்திக்கும் காண்டத்தில், அங்கேகூடத் தம் குலத்தை நினைத்துப் பெருமிதம் வந்ததை ஒப்புக்கொள்கிறார். குடிமையும் பெருமையும் அருகருகே வைத்த வள்ளுவரின் நிலை இதற்கு அதிகத் தொலைவில் இல்லை. வேறுபாடு சான்றில்தான்: வெனிஸில் எழுத்தர் பதிவு செய்தார், தமிழகத்தில் புலவர் பாடினார். ஏட்டில் பெயர் நீடிக்கப் பிறந்தால் போதும். பாட்டில் நீடிக்கக் கொடுக்க வேண்டியிருந்தது.

கொல்லிமலையில் இன்று வாழும் மக்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்தாரைக் குறிக்கும் சொல்லோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மலையில் ஆள்பவர், வாழ்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர், பேச்சும் தமிழ்தான். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளில் பதிவான வழக்கு, இவர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரின் வழியினர் என்கிறது: மூத்தவர் சேர்வராயன் மலைக்குப் போக, மற்றவர்கள் கொல்லிக்கும் பச்சைமலைக்கும் போனார்கள். துவரையிலிருந்து வந்த வேளிர் கதையோடு ஒப்பிட்டால் அமைப்பு ஒன்றே. தொலைவில் ஒரு பெருநகரம், பிரிந்துபோன சகோதரர், கூடவே வந்த தெய்வம்.

மலை பல நாடுகளாகப் பிரிந்திருக்கிறது. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, திண்ணனூர் நாடு, சேளூர் நாடு, தேவனூர் நாடு என்ற பழைய பெயர்களே ஊராட்சிகளின் பெயர்களாகவும் தொடர்கின்றன. ஊராட்சி ஒன்றியத்தில் இப்படி 14 ஊராட்சிகள். மரபு ஆட்சியில் நாட்டுக்குப் பட்டக்காரர், ஊருக்கு ஊர்க்கவுண்டர். வழக்குத் தீர்ப்பதும், நோம்பிக்கு நாள் குறிப்பதும், கோயிலில் முதல் மரியாதை பெறுவதும் அந்தப் பதவியோடு வருபவை. பதவி பெரும்பாலும் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகிறது. ஆனால் ஊரார் கூடி ஒப்பாமல் பட்டம் நிற்பதில்லை. அடிவாரக் கொங்கிலும் பட்டக்காரர் உண்டு; காங்கேயம் மாட்டினத்தைப் பேணிப் பெயர்பெற்ற பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் பலரும் அறிந்தது. கொங்கில் பட்டம் நிலத்தோடும் செல்வத்தோடும் ஒட்டி வளர்ந்தது. மலையில் அது சாமியோடும் வழக்கோடும் ஒட்டி நின்றது. பட்டக்காரரும் தினையும் சாமையும் விதைத்துக் காட்டில் வேலை செய்தார்.

வளப்பூர் நாட்டில், ஆகாய கங்கை அருவிக்கு மேலே, அறப்பளீசுவரர் கோயில் இருக்கிறது. அம்பலவாணக் கவிராயர் பாடிய அறப்பளீசுர சதகம் இந்தக் கோயில் இறைவனை முன்னிலைப்படுத்தி உலக நடையையும் நல்லோர் இயல்பையும் நூறு பாட்டுக்குச் சொல்கிறது. பாட்டுதோறும் அவரை ஆதரித்த மதவேள் என்பவரின் பெயர் வருகிறது. வேள் என்ற பெயர் அதற்குள் ஆயிரம் ஆண்டுக்கு மேல் பயணம் செய்திருந்தது. பாடுபவர் பொருள் பெறுகிறார், கொடுப்பவர் பெயர் பெறுகிறார் என்ற பழைய ஏற்பாடு மட்டும் மாறவில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் பட்டம் மறுபடி அரசாங்கக் காகிதத்துக்குப் போனது. ராவ் பகதூர், திவான் பகதூர், சர். செட்டிநாட்டு அண்ணாமலைச் செட்டியாருக்கு 1929இல் பரம்பரையாக வரும் ராஜா பட்டமே தரப்பட்டது. எதிர்ப்பக்கம், உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த எஸ். சுப்பிரமணிய ஐயர் 1918இல் சர் பட்டத்தைத் துறந்தார். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சனுக்கு அவர் எழுதிய கடிதத்தை ஆட்சியாளர் கண்டித்ததன் விளைவு அது. விடுதலைக்குப்பின் 1948ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாண ஜமீன்களை ஒழித்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 18ஆம் உறுப்பு, படைத்துறை, கல்விச் சிறப்புகள் தவிர எந்தப் பட்டத்தையும் அரசு வழங்கக்கூடாது என்றது. 1971இல் 26ஆம் திருத்தம் முன்னாள் மன்னர்களின் அங்கீகாரத்தையும் மானியத்தையும் நீக்கியது. பாரத ரத்னாவும் பத்ம விருதுகளும் பட்டங்களா என்ற வழக்கில் 1995இல் உச்சநீதிமன்றம் அல்ல என்றது; ஆனால் பெயருக்கு முன்னும் பின்னும் போட்டுக்கொள்ளக்கூடாது. இத்தாலியின் 1948ஆம் ஆண்டு அரசியலமைப்பு இதையே வேறு விதமாகச் செய்தது: பிரபுப் பட்டங்களுக்கு அங்கீகாரம் இல்லை, ஆனால் 1922 அக்டோபர் 28க்கு முன்பிருந்த ஊர்ப்பெயர் ஒட்டுகள் வெறும் பெயரின் பகுதியாக நீடிக்கலாம்.

சட்டம் பட்டத்தை எடுத்துவிடலாம். குடி உரிமை கோருவதை எடுக்க முடியவில்லை. ஆண்டுதோறும் ஆடி 17, 18 நாள்களில் தமிழக அரசு கொல்லிமலைச் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா எடுக்கிறது. அங்கே குதிரை மேல் வில்லோடு அவனுக்குச் சிலை. ஓரியைத் தம் முன்னோன் என்று உரிமை கொண்டாடும் சமூகங்கள் ஒன்றுக்கு மேல் உள்ளன. விழா நாளில் ஒவ்வொன்றும் தனித்தனியே மாலையோடு வருகிறது. சங்கப் பாடல்களில் அவனுக்கு மலை உண்டு, வில் உண்டு, குதிரை உண்டு, கொடை உண்டு. வழிவந்தவர் பட்டியல் இல்லை. மலையின் 14 ஊராட்சிகளும் தேர்தல் வழியே தலைவரைத் தேர்கின்றன. பட்டக்காரர்கள் நோம்பிக்கும் ஊர்வழக்குக்கும் இருக்கிறார்கள். ஊராட்சித் தலைவர்க்கு 5 ஆண்டு. பட்டக்காரர்க்கு ஊர் ஒப்பும்வரை.